நாலு நாள் வெயிலுக்கு ஒரு ஜெபம்

மழை கேட்டவர் உபதேசியார் அருமைநாயகம் ஒருவர் மட்டுமல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

எழுபத்தெட்டாம் ஆண்டு கொக்கட்டி வட்டையில் புழுதியில் விதைத்த நெல் மழைக்காகக் காத்துக் கிடந்தது. கார்த்திகை பிறந்தும் வானம் வெளுத்த வேட்டி போல இருந்தது. கல்முனைக்கு மேற்கே கிடந்த அந்த வயல்வெளியில் முஸ்லிம்கள், சைவர்கள், கிறிஸ்தவர்கள் என்று மூன்று பகுதியாருக்கும் காணி இருந்தது. தண்ணீர் வரும் வாய்க்கால் மட்டும் ஒன்று. ஆகவே மூன்று பகுதியாரும் ஒரே கிழமையில் மேலே விண்ணப்பம் வைத்தார்கள். பள்ளிவாசலில் லெப்பை மழைத்தொழுகை நடத்தினார். பாண்டிருப்பில் பூசாரி முன்னிற்க அம்மனுக்குப் பொங்கினார்கள். கடற்கரையோரம் பதினொரு குடும்பங்கள் கூடும் சின்ன மெதடிஸ்த ஆலயத்தில், ஞாயிறு காலை, உபதேசியார் அருமைநாயகம் ஜெபித்தார்.

மற்ற இருவரும் மழை கேட்டார்கள். அருமைநாயகம் விவரத்தோடு கேட்டார். புத்தகம் பாராமல் மனசிலிருந்து ஜெபிப்பதில் அந்தக் கரையில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. பெயருக்கேற்ப அன்றைக்கு இருபது நிமிஷம் ஜெபித்தார். வானத்தின் மதகுகள் அத்தனையையும் திறந்துவிடும்படி சொன்னார். நாங்கள் போதும் என்று சொல்லும் வரைக்கும் அல்ல, போதும் என்று சொல்ல வாயில்லாமல் போகும் வரைக்கும் தாரும் என்றார். பெருங்காற்றின் முதுகில் ஏறி வாரும் என்றும் ஓரிடத்தில் வந்தது. அது அலங்காரத்துக்காக வந்து விழுந்த வார்த்தை.

வழக்கமாக அந்த ஆலயத்தில் இருபது நிமிஷ ஜெபம் நடக்க முடியாது. மூன்றாம் வாங்கில், அந்த நீள மர இருக்கையில், அன்னப்பிள்ளை இருந்தார். இடியப்பம் விற்றுப் பிழைத்த விதவை. உபதேசியாரின் ஜெபம் எட்டு நிமிஷத்தைத் தாண்டினால், அவர் எந்த வசனத்தின் நடுவில் நின்றாலும், அன்னப்பிள்ளை உறுதியான குரலில் "ஆமென்" என்பார். சபையும் தொடர்ந்து ஆமென் என்றுவிடும். அதற்குப் பிறகு ஜெபத்தைத் தொடர்வது, எழுந்துவிட்ட விருந்தாளிக்குச் சோறு போடுவது போல. ஆனால் அன்றைக்கு அன்னப்பிள்ளை வாய் திறக்கவில்லை. மழை எல்லாருக்கும் தேவைப்பட்டது. கேட்கட்டும் என்று விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை சூறாவளி வந்தது.

அதைப்பற்றி இங்கே விரிக்கத் தேவையில்லை. அந்தக் கரையில் அன்று இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இல்லாதவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். விடிந்தபோது தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தன. ஆலயத்தின் நாலு சுவரும் நின்றன, கூரை போயிருந்தது. கூரைத் தகரங்களில் ஒன்று கடலோரக் களப்புத் தண்ணீருக்குள் கிடந்தது. மற்றவை எந்த ஊருக்குப் போயின என்று இன்றுவரை தகவல் இல்லை. வயலில் விதை இருந்த இடத்தில் மணலும் தண்ணீரும் நின்றன. அன்னப்பிள்ளையின் வீட்டுச் சுவர் உள்ளே விழுந்திருந்தது. அவரும் உள்ளேதான் இருந்தார்.

அருமைநாயகம் அவரை அடக்கம் பண்ணினார். அடக்க ஆராதனை முழுவதையும் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. துக்கத்தில் சொந்த வார்த்தை வரவில்லை என்று சபை நினைத்தது.

இரண்டு கிழமை போனதும் ஊருக்குப் பகிடி விட்டுச் சிரிக்க நேரம் கிடைத்தது. கூரை இல்லாத ஊரில் பகிடியாவது இருக்க வேண்டும். காற்றை யார் கேட்டது என்று தேத்தண்ணிக்கடையில் ஒரு விசாரணையே நடந்தது. தான் மழை மட்டும்தான் கேட்டதாக லெப்பை சொல்லி அனுப்பினார். பூசாரியும் அப்படியே. பழி நேரே கடற்கரைப் பக்கம் வந்து நின்றது. அருமைநாயகத்தின் காணிக்கு மேல்வரம்புக்காரர் பாண்டிருப்புக் கந்தப்போடி, இனிமேல் ஜெபம் பண்ணும்போது தன்னுடைய மூன்று ஏக்கரை மட்டும் தயவாக விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார். ஊரே அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடும் கீழ்வரம்புக்காரர் மீராமுகைதீன் காக்கா, உபதேசியார் தும்மினாலும் வள்ளத்தைக் கரைக்கு இழுத்து வைக்கும்படி மீன்காரர்களுக்குச் சொன்னார். இருவரும் அவரோடு இருபது வருஷம் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சியவர்கள். பகிடி விட உரிமை உள்ளவர்கள்.

அருமைநாயகமும் சேர்ந்து சிரித்தார். பெருங்காற்றின் முதுகைப் பற்றி மட்டும் அவர் யாருக்கும் நினைவூட்டவில்லை.

ஆனால் அவர் ஜெபிப்பதை நிறுத்திவிட்டார். ஆராதனை நிற்கவில்லை. ஞாயிறு தவறாமல் கூரையில்லாத ஆலயத்தில் நின்று, பழைய ஆராதனைப் புத்தகத்திலிருந்து ஜெபங்களை வாசித்தார். அவற்றை எழுதியவர்கள் இங்கிலாந்தில் செத்து எத்தனையோ காலம். அந்த ஜெபங்களால் எந்த ஊரிலும் கூரை போனதாகக் கேள்வியில்லை. பாதுகாப்பான ஜெபங்கள். ராசா ராணிக்கும் கடல் பிரயாணிகளுக்கும் குறைவில்லாமல் நன்மை கேட்டன. கேட்பவன் யார் என்று அவற்றில் எங்கும் தெரியாது. அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

வீட்டிலும் அதேதான். நிவாரண அரிசிச் சோற்றுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு சும்மா இருப்பார். மனைவி சாராள் செல்லத்தங்கம் மூன்று நாள் பொறுத்தாள். நாலாம் நாள் சொன்னாள்.

"இஞ்ச பாருங்க, சோறு ஆறுது. உங்களுக்கு ஏலாட்டி நான் சொல்லுறன்."

சொன்னாள். இரண்டு வரி. சோற்றுக்கு நன்றி, கொண்டுவந்த லொறிக்கு நன்றி. பிறகு அகப்பையை எடுத்தாள். அவளுக்கு ஜெபம் என்பது அடுப்பு மூட்டுவது போல. மூட்ட வேண்டும், அவ்வளவுதான். நன்றாக மூட்டுகிறோமா என்று நின்று பார்ப்பதில்லை.

போதகர் ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஐந்து ஆலயங்களுக்கு அவர் பொறுப்பு, அவற்றில் மூன்றுக்குக் கூரை இல்லை. விசுவாசம் சோதிக்கப்படுகிறது என்றார், ஆலயத்துக்கு மேலே கட்ட ஒரு தார்ப்பாய்ப் படங்கு அனுப்புவதாகச் சொன்னார், நத்தாருக்கு, பாலன் பிறந்த பண்டிகைக்கு, தன்னால் இங்கே வர முடியாது, உபதேசியாரே நடத்த வேண்டும் என்றார். நல்ல மனிதர். தூங்கி நாலு கிழமை ஆகியிருக்கும் போலிருந்தது. அந்த முகத்தைப் பார்த்து, ஐயா எனக்கு ஜெபம் வருகுதில்லை என்று சொல்ல அருமைநாயகத்துக்கு மனசு வரவில்லை. படங்குக்கு நன்றி சொன்னார்.

ஜெபம் இல்லாமலே காலத்தை ஓட்டியிருப்பார். குறுக்கே வந்தது விதைநெல்.

மீராமுகைதீன் காக்காவின் மச்சான் ஒருவர் இறக்காமத்தில் இருந்தார். அவருடைய நெற்சாலைச் சுவரை முந்தின மாதம் ஒரு காட்டு யானை இடித்துவிட்டது. அதனால் நெல்லையெல்லாம் வீட்டு உள்ளறைக்கு மாற்றியிருந்தார். சூறாவளியில் ஊரிலிருந்த நெற்சாலைகள் நனைந்து நாற, அந்த உள்ளறை நெல் மட்டும் தப்பியது. கொக்கட்டி வட்டையில் யானைக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. பன்னிரண்டு மூடை விதைநெல் வண்டியில் வந்தது. மூன்று மாதத்து நெல். இனி மழைக்காலம் முடியுமுன் விதைத்து அறுக்கக்கூடியது அது ஒன்றுதான். அதற்குப் பிறகு எங்கும் தேட நெல் இல்லை. இந்த விதை போனால் அடுத்த மாரி வரைக்கும் நிவாரண லொறியின் பின்னால்தான் நிற்க வேண்டும்.

மணலை வாரி, சேற்றைப் பலகையடித்து மட்டப்படுத்தினார்கள். நெல்லை ஊறப்போட்டு, சாக்கால் மூடி வைத்தார்கள். மூன்றாம் நாள் சாக்கைத் தூக்கிப் பார்க்க, ஒவ்வொரு நெல்லிலும் வெள்ளையாக ஒரு மூக்கு நீட்டியிருந்தது. முளை நெல் காத்திருக்காது. அன்றைக்கே சேற்றில் எறிய வேண்டும். மறுநாள் என்றால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கூடைக்குள்ளேயே கட்டியாகிவிடும்.

எறிந்த பிறகும் ஒரு ஆபத்து. முளை நெல்லுக்குச் சேற்றைப் பிடித்துக்கொள்ள நாலு நாள் வேண்டும். அதற்குள் பெருமழை பெய்தால் எல்லாம் மிதந்து வாய்க்காலோடு கடலுக்குப் போய்விடும். நாலு நாளைக்குப் பிறகோ மழை வேண்டும். சூறாவளியில் குளத்துக்கட்டு உடைந்து கிடந்ததால் வானத்துத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் இல்லை.

டிசம்பர் இருபதாம் திகதி, புதன்கிழமை காலை, வட்டைக்காரர் எல்லோரும் முளை நெற்கூடைகளோடு பெரிய வரம்பில் நின்றார்கள். வானத்தில் மேகம் திட்டுத் திட்டாக நின்றது.

கொக்கட்டி வட்டையில் ஒரு வழக்கம் உண்டு. மூன்று பகுதியாரும் ஆளுக்கொரு பிரார்த்தனை சொன்ன பிறகுதான் முதற்பிடி விதை விழும். யார் முதலில் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும். முதல் ஆள் முடிக்காமல் இரண்டாம் ஆள் தொடங்கக்கூடாது. வழக்கத்தைக் காப்பவர் வட்டவிதானை கனகரெத்தினம். தண்ணீர் முறை பார்ப்பது அவர் வேலை. முப்பது வருஷமாக முறை பார்த்துப் பார்த்து, பசி வந்தால்கூட முறை வரட்டும் என்று இருக்கும் மனிதர். இந்த மாரிக்கு முதல் முறை கிறிஸ்தவர்களுக்கு.

அருமைநாயகம் கக்கத்திலிருந்து ஆராதனைப் புத்தகத்தை எடுத்தார்.

பக்கங்களைப் புரட்டினார். ராசாவுக்கு இருந்தது. கப்பலுக்கு இருந்தது. கொள்ளை நோய்க்கு இருந்தது. சேற்றில் எறியும் முளை நெல்லுக்கு இங்கிலாந்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. கடைசியில் பொதுவான ஒரு ஸ்தோத்திரத்தை வாசிக்கத் தொடங்கினார். இரண்டாம் வரியில் கந்தப்போடி இருமினார்.

"உபதேசியார், கோவிக்காதீங்க. இது வேற ஆருக்கோ வந்த கடிதத்தை வாசிக்கிற மாதிரிக் கிடக்கு. நீங்க கேக்கிற மாதிரிக் கேளுங்க."

வரம்பில் நின்றவர்கள் ஓம் ஓம் என்றார்கள். இத்தனை நாளும் அவருடைய வாயைப் பகிடி பண்ணியவர்கள் அவர்களேதான். இப்போது அந்த வாய் இல்லாமல் விதைக்கப் பயந்தார்கள். அதே வாயைத் திறந்துவிடவும் பயந்தார்கள். ஆகவே, எதைக் கேட்பது, எவ்வளவு கேட்பது என்று அந்த இடத்திலேயே ஒரு கூட்டம் நடந்தது. நாலு நாள் வெயில் என்று ஏகமனதாக முடிவாயிற்று. ஐந்தாம் நாள் மழை. எவ்வளவு மழை என்பதில் கருத்து வேறுபட்டது. கந்தப்போடி கணுக்கால் நனைந்தால் போதும் என்றார். மேட்டுக்காணிக்காரர் ஒருவர் முழங்கால் கேட்டார். வரம்பு உடையாமல் எவ்வளவோ அவ்வளவு என்று விதானை தீர்ப்புச் சொன்னார். காற்று வேண்டாம் என்பதை இரண்டு தரம் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் வற்புறுத்தினார்கள்.

அருமைநாயகம் புத்தகத்தை மூடினார்.

"எனக்கு ஏலா," என்றார்.

விதானை, முறை உங்களுடையது என்று நினைவூட்டினார்.

"நான் கேட்டன், விதானையார். வாய் கிழியக் கேட்டன். அன்னப்பிள்ளை அக்கா மண்ணுக்குள்ள போயிட்டா. இனி இந்த வாயால ஒண்ணும் கேக்க மாட்டன். ஆளை விடுங்க."

கந்தப்போடி தன்னுடைய கூடையைப் பார்த்தார். அவர் பகிடிக்கல்லவோ சொன்னார். பகிடியை ஒரு மனிதன் இவ்வளவு நாளும் உண்மை என்று சுமந்துகொண்டு திரிந்தால் அதற்கு அவர் என்ன செய்வார். கூடைக்குள் நெல் சூடேறிக்கொண்டிருந்தது. கைவிட்டால் தெரிந்தது.

மீராமுகைதீன் காக்கா சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, சுற்றி வந்து, உபதேசியாருக்கு எதிரே நின்றார்.

"ஒரு கதை கேக்கிறன், சொல்லுங்க," என்றார். "பொத்துவில்ல இருந்து மட்டக்களப்புத் தாண்டி இந்தக் கரை முழுக்க உடைஞ்சு கிடக்கு. எங்கட பள்ளி ஓடு போயிட்டு. அம்மன் கோயில் மடம் போயிட்டு. இவ்வளவும் நீங்க கேட்டதுக்கு நடந்ததா?"

அருமைநாயகம் மூடிய புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"பதினொரு குடும்பத்துக்குச் சபை வச்சிருக்கிற உங்களுக்கு மேல இவ்வளவு சொல்வாக்கா? படைச்சவன் என்ன, உங்கட வேலையாளா, நீங்க ஏவினதும் காத்தைத் தூக்கிக்கிட்டு ஓடி வர?"

சிலர் சிரிக்கப் பார்த்து, பிறகு வேண்டாம் என்று விட்டார்கள்.

அருமைநாயகத்துக்கு முகம் சிவந்தது. நாலு கிழமையாக அவர் தன்னைத் தானே கொலைகாரன் என்று வைத்துக்கொண்டு நடந்திருந்தார். அது பெரிய பாரம். ஆனால் பாரத்துக்குள் ஒரு பெரியதனமும் ஒளிந்திருந்தது. அதைக் காக்கா நடு வரம்பில் சாரத்தைக் கட்டிக்கொண்டு வந்து உருவிப்போட்டுவிட்டார். குற்றவாளிப் பதவியும் போயிற்று. இனி மிஞ்சியது ஒன்றுதான். அன்னப்பிள்ளை அக்கா செத்துப்போனார், அதற்குக் காரணம் அவருக்குத் தெரியாது.

அது தெரிந்ததும் அவருக்குக் கோபம் வந்தது. காக்காவின் மேல் வந்த கோபம் காக்காவில் நிற்காமல் மேலே போயிற்று. புத்தகத்தைக் கந்தப்போடியின் கையில் கொடுத்தார். கந்தப்போடி அதைச் சேறு படாமல் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டார்.

"ஆண்டவரே," என்றார் அருமைநாயகம்.

கண்ணை மூடவில்லை.

"நான் நாலு கிழமையா உம்மோட கதைக்கயில்ல. நீரும் என்னோட கதைக்கயில்ல. நாங்க மழை கேட்டம். நீர் தந்ததுக்குப் பேர் மழையில்ல. அன்னப்பிள்ளை அக்கா உமக்கு என்ன குறை வச்சவ? விடிய நாலு மணிக்கு எழும்பி மாப் பிசைஞ்சு, இல்லாதவனுக்கும் ரெண்டு இடியப்பம் குடுத்து, உம்மட ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கினவ. அவவுக்கு மேல சுவர் விழுந்தது ஏன் எண்டு எனக்கு விளங்கயில்ல. விளங்கின மாதிரி நடிக்கவும் எனக்கு ஏலா. உம்மில எனக்குக் கோபம்."

லெப்பையும் பூசாரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் தொழிலில் இப்படி ஒரு முறை அவர்கள் கேள்விப்பட்டதில்லை.

"கோபம் எண்டாலும் வேற ஆரிட்டப் போய்ச் சொல்லுறது? ஆரும் இல்ல. போய்ப் பார்த்தன், இல்ல. அதால திரும்பி வந்து நிக்கிறன். எங்களிட்ட இந்த முளை நெல்லைத் தவிர ஒண்ணுமில்ல. இதைச் சேத்தில எறியப்போறம். நாலு நாள் வெயில் தாரும். அஞ்சாம் நாள் கொஞ்சம் மழை தாரும், வரம்பு உடையாம. காத்து வேணாம். காத்து வேணாம். தந்தாலும் உம்மிட்டத்தான் வருவம். தராட்டியும் உம்மிட்டத்தான் வந்து ஏன் எண்டு கேப்பம். அன்னப்பிள்ளை அக்காவைப் பத்திரமா வச்சிரும். அவவுக்கு முழங்கால் வருத்தம், நிக்க வச்சிராதேயும். ஆலயத்தில அவ இருந்த இடம் வெறுமையாக் கிடக்கு, ஞாயிற்றுக்கிழமை எனக்கு அந்தப் பக்கம் பார்க்க ஏலாமக் கிடக்கு, நான் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு..."

குரல் உடைந்தது. ஜெபம் இறங்கக் கரை தெரியாமல் நின்றது.

"ஆமீன்," என்றார் மீராமுகைதீன் காக்கா, உறுதியாக.

எல்லோரும் ஆமீன் என்றார்கள், கந்தப்போடி உட்பட. காக்காவின் குரல், மூன்றாம் வாங்கிலிருந்து முன்பு வந்த அன்னப்பிள்ளையின் குரலின் அதே அளவு, வசனத்தின் நடுவில் அதே வெட்டு. அருமைநாயகம் திடுக்கிட்டுப் பார்த்தார். பிறகு, ஒரு மாதத்தில் முதல் தடவையாக, மூக்கைச் சிந்தினார். லெப்பை துஆ ஓதினார். பூசாரி கற்பூரம் கொளுத்தினார். வெயில் ஏறுமுன் விதை சேற்றில் விழுந்தது.

வியாழக்கிழமை நல்ல வெயில். வெள்ளிக்கிழமை மேகம் கூடிக் கலைந்தது. வட்டைக்காரர்கள் வானத்தைப் பார்ப்பதும், பிறகு கடற்கரைப் பக்கம் உபதேசியார் வீட்டைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். சனிக்கிழமை பின்னேரம் கால் மணித்தியாலம் மழை அடித்தது. கந்தப்போடியின் பள்ளக்காணி மூலையில் ஒரு முற்றத்தளவு இடத்து விதை கழுவுண்டு போயிற்று. அவர் அன்று பொழுதுபடமுன் வந்து முற்றத்தில் நின்று, ஒரு நாள் குறைகிறது என்று முறையிட்டார். முதல்தரம் நான் அதிகம் கேட்டேன், இந்தத்தரம் சில்லறை குறைந்துவிட்டது, நான் என்ன செய்ய என்றார் அருமைநாயகம். ஏன் என்று கேட்பதாக ஒப்புக்கொண்டீர்களே, கேளுங்கள் என்றார் கந்தப்போடி. கேட்கிறேன் என்றார். கேட்கவும் செய்தார். பதில் வரவில்லை. ஆனால் கேட்டுவிட்டு வந்து சோறு சாப்பிட முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சுள்ளென்று வெயில். பச்சை ஊசிகள் சேற்றைக் குத்திக்கொண்டு நின்றன. பின்னேரமே சேறு வெடிக்கத் தொடங்கியது. இனித் தண்ணீர் வேண்டும்.

அன்று மாலை சாராள் ஆலயத்துக்குக் கட்டக் கொண்டுவந்த கலர்க் கடதாசிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்துக்கொண்டே விரல்விட்டு எண்ணினாள். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு.

"அஞ்சாம் நாள் மழை கேட்டீங்க தானே?"

"ஓம்."

"அஞ்சாம் நாள் நாளைக்கு. நாளைக்கு நத்தார்."

அருமைநாயகம் அவளைப் பார்த்தார். பிறகு கூரையில்லாத ஆலயம் இருந்த திசையைப் பார்த்தார். போதகர் சொன்ன படங்கு இன்னும் வந்திருக்கவில்லை. கூட்டம் கூடி, கணுக்காலா முழங்காலா என்று வாதாடி, காற்றை இரண்டு தரம் தடுத்து, இவ்வளவு கவனமாகத் தயாரித்த விண்ணப்பத்தில் கலண்டரைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு பெய்யும்படி திருத்திக் கேட்கலாமா என்று யோசித்தார். யோசித்த முகத்தை எங்கிருந்தோ மோப்பம் பிடித்தவர் போலக் கந்தப்போடி வாசல் படலையடியில் வந்து நின்றார்.

"உபதேசியார், சேறு வெடிக்குது. தயவு செஞ்சு மாத்திக் கேட்டிராதீங்க."

"இல்ல, கேட்டது கேட்டதுதான்," என்றார் அருமைநாயகம்.

நத்தார் காலையில் பதினொரு குடும்பமும் வந்தது. குடை இருந்தவர்கள் குடையோடு வந்தார்கள். இருந்த நல்ல உடுப்பை உடுத்தியிருந்தார்கள். அதிகமும் நிவாரண உடுப்பு. வெளிநாட்டில் யாரோ பெரிய மனிதனுக்குத் தைத்த கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு சபையின் பொருளாளர் வியர்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வாங்கில் அன்னப்பிள்ளையின் இடம் வெறுமையாக இருந்தது. வழக்கமாகக் கடைசி வரிசை வாங்கில் இருக்கும் சாராள், சுற்றிப் பார்த்துவிட்டு, நேரே போய் அங்கே உட்கார்ந்தாள்.

வெளியே, இடிந்த மதிலோரம், மீராமுகைதீன் காக்காவும் கந்தப்போடியும் விதானையும் நின்றார்கள். வணங்க வரவில்லை. முறை எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தோம் என்றார் விதானை.

பாட்டுப் பாடினார்கள். பாலன் பிறந்த கதையை வாசித்தார்கள். பிறந்த இடத்துக்கும் சரியான கூரை இருந்ததாகத் தெரியவில்லை என்று அருமைநாயகம் பிரசங்கத்தில் சொன்னபோது சபை மேலே பார்த்தது. பிறகு ஜெப நேரம் வந்தது. பீடத்தில் ஆராதனைப் புத்தகம் கிடந்தது. அதில் கந்தப்போடியின் பெருவிரல் சேறு காய்ந்திருந்தது. அதைத் திறக்கவில்லை.

"ஆண்டவரே," என்று தொடங்கினார்.

முதல் துளி புத்தகத்தின் மட்டையில் விழுந்தது. இரண்டாவது பொருளாளரின் வழுக்கையில். பிறகு மெதுவாக, அவசரமில்லாமல், காற்று ஒரு துளியும் இல்லாமல், மழை பெய்தது. மதிலுக்கு வெளியே கந்தப்போடி கையை நீட்டி உள்ளங்கையில் பிடித்துப் பார்த்து, விதானைக்குக் காட்டினார். விதானை தலையாட்டினார். அளவு சரி.

ஆலயத்துக்குள் ஒருவரும் எழும்பவில்லை. குடை வைத்திருந்தவர்கள் விரிக்கவில்லை. பக்கத்தில் இருப்பவர் நனையும்போது தான் மட்டும் விரிப்பது சரியில்லை என்று முதலில் நினைத்தார்கள். பிறகு மறந்துவிட்டார்கள். கலர்க் கடதாசிகளின் சாயம் கரைந்து சுவரில் சிவப்பும் பச்சையுமாக ஒழுகியது. அருமைநாயகம் ஜெபித்தார். மழைக்கு நன்றி சொன்னார். கந்தப்போடியின் மூலைக்காணிக்கு மீண்டும் ஒரு முறை விளக்கம் கேட்டார். களப்பில் கிடந்த தகரத்துக்கும் காணாமற்போன தகரங்களுக்கும் வேண்டினார். இறக்காமத்து யானைக்கு வேண்டினார். அன்னப்பிள்ளை அக்காவைப் பேர் சொல்லி விசாரித்தார். தண்ணீர் கண்ணுக்குள் ஓடியது. எது மழை, எது கண்ணீர் என்று பார்க்க அவருக்கு நேரமில்லை. ஒரு மாதத்துக் கதை பாக்கி இருந்தது. எட்டு நிமிஷம் தாண்டியது. பத்துத் தாண்டியது. வானத்தின் மதகுகள் என்ற இடத்துக்கு மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தார். மதிலோரம் மூவரும் நிமிர்ந்தார்கள்.

"ஆமென்," என்றாள் சாராள், மூன்றாம் வாங்கிலிருந்து.